ஜன்னல் உள்ள அறை

1

அப்பா ஊருக்கே திரும்பிப் போகப்போகிறார் என்பதை எங்களுக்குச் சொன்னவர் ஒரு பயண முகவர். ஸ்காபுரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் விமானச் சீட்டு விற்கும் பெண். அப்பா எங்கே போனாலும் தொடர்புக்கு என் தொலைபேசி இலக்கத்தைத்தான் கொடுப்பார். அதனால் அந்தச் சனிக்கிழமை காலை அழைப்பு எனக்கு வந்தது.

"தங்கச்சி, அங்கிள் நேற்று வந்து கொழும்புக்கு ரிக்கெற் கேட்டவர். ஒன்வே எண்டு சொன்னார். எனக்கு அது சரியாப் படேல்லை. வயசான ஆக்கள் சிலவேளை மாறிச் சொல்லிப்போடுவினம். ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோவன்."

நான் பேஸ்மென்றுக்கு, வீட்டின் நிலக்கீழ்த் தளத்துக்கு, இறங்கிப் போனேன். அப்பா அங்கேதான் இருப்பார். சின்னச் சட்டியில் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"ரிக்கெற் கடையிலயிருந்து எடுத்தவை. ஒன்வேயோ ரிட்டேனோ எண்டு கேக்கினம்."

"ஒன்வேதான்," என்றார். தண்ணீரை வடித்தார். "திரும்பி வாறதெண்டால் அங்கயும் ரிக்கெற் விப்பினம்தானே."

மேலே வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பைத் தணிக்கவும் இல்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"போகட்டும். பென்சன் வரத் துவங்கிட்டுதெல்லோ. இனி ஆர் தேவை."

வெளிநாட்டில் இருந்து ஒரு வயதான மனிதர் தனியாக ஊருக்குத் திரும்பி வந்தால், ஊரில் இருக்கும் உங்களுக்கு இரண்டு காரணங்கள்தான் தோன்றும் என்று எனக்குத் தெரியும். ஒன்று, பிள்ளைகள் பார்க்கவில்லை. இல்லாவிட்டால், மனிசியோடு சண்டை. எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மாவும் போனதில்லை. வடமராட்சியில் மற்றவர்களின் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குத் தண்ணீர் இறைத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி, பல்கலைக்கழகம்வரை போய், ஒரு பட்டத்தோடு வெளியே வந்த முதல் ஆள் நான். இதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை. ஒருவரும் சொல்லித்தராமல் நடந்த வழி அது.

எனக்கு ஒரு வயதாகும்போது அப்பா கனடாவுக்கு வெளிக்கிட்டார். அகதி வழக்கு ஒருமுறை தோற்றது. மேன்முறையீடு செய்து வென்றார். பிறகு நிரந்தர வதிவிடத்துக்குக் காத்திருந்தார். பிறகு எங்களை ஸ்பொன்சர் செய்துவிட்டு அதற்கும் காத்திருந்தார். கடைசியில், இந்தப் பிள்ளை உங்களுடையதுதானா என்று அரசாங்கம் கேட்டது. என் பிறப்புப் பதிவு இருந்த கந்தோர் ஷெல் விழுந்து எரிந்துபோயிருந்தது. கொழும்பில் ஒரு கிளினிக்கில் மரபணுச் சோதனைக்காக என் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்தார்கள். ரொறொன்ரோவில் அவருடைய கன்னத்தையும் துடைத்தெடுத்தார்கள். இரண்டும் ஒத்துப்போயின. இவர்தான் என் தகப்பன் என்பதற்கு என்னிடம் இருக்கும் அத்தாட்சி உங்களில் பலரிடம் இருக்காது.

அவர் வெளிக்கிட்டுப் பதினொரு வருடம் கழித்து நானும் அம்மாவும் வந்து இறங்கினோம். அவர் அனுப்பிய படங்களில் எல்லாம் ஒரு சிவப்புக் கார் இருந்தது. அதன் கதவில் கைவைத்தபடி அவரும், பக்கத்தில் ஒரு நண்பரும். நண்பர் உயரமானவர், மீசை வைத்தவர். விமான நிலையத்தில் அந்த மீசைக்காரர் முன்னால் நின்றார். அப்பா அவருக்குப் பின்னால் பூங்கொத்து ஒன்றை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார். நான் ஓடிப்போய் மீசைக்காரரைக் கட்டிப்பிடித்து "அப்பா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நண்பர், "பிள்ளை, நான் கார்க்காரன். கொப்பர் உங்க நிக்கிறார்," என்றார்.

அதோடு அப்பா என்ற சொல் எனக்குள் எங்கோ சிக்கிக்கொண்டது. அன்றிலிருந்து அவரை நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிடாமலே ஒரு மனிதரோடு ஒரே வீட்டில் வாழலாம். முன்னால் போய் நிற்கலாம். "சாப்பாடு ரெடி" என்று பொதுவாகச் சொல்லலாம். கிட்டப் போகும்வரை பேசாமல் இருக்கலாம். இப்படி எழுதும்போது மட்டும் அப்பா, அப்பா என்று எத்தனை முறையும் வருகிறது.

நாங்கள் வந்த அடுத்த வருடம் தம்பி பிறந்தான். அவனுக்கு இந்தக் கஷ்டம் ஒன்றும் இல்லை. "அப்பா, where's the charger?" என்று மாடியில் நின்று கத்துவான். அதற்கு மேல் அவனுக்கும் அவருக்கும் கதைக்க ஒன்றும் இருப்பதில்லை. அவன் ஆங்கிலத்தில் கேட்பான். அவர் தமிழில் பதில் சொல்லுவார். இரண்டு பேரும் பாதி விளங்கிக்கொண்டு விலகிப் போவார்கள்.

3

நாங்கள் அஜக்ஸில் வீடு வாங்கியபோது வங்கிக் கடனில் என் கையெழுத்துத்தான் முதலாவது. மேலே நான்கு அறைகள். அப்பா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தன்னுடைய பெட்டியை பேஸ்மென்றில் கொண்டுபோய் வைத்தார். கீழே ஒரு மடிப்புக் கட்டில் போட்டார். மின்சார அடுப்பு ஒன்றும் சோறு காய்ச்சும் பானை ஒன்றும் வாங்கி வந்தார். "கொஞ்ச நாளைக்கு," என்றார். வேலைக்குப் போகும் நேரம் மற்றவர்களின் நித்திரை குழம்பும் என்பது காரணம். அவர் நகரத்தில் ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை செய்தார். முதலில் கோப்பை கழுவினார், பிறகு சமையல். வேலையை விட்ட பிறகும் மேலே வரவில்லை.

"பேஸ்மென்ற வாடகைக்குக் குடுத்திருந்தா மோட்கேஜுக்கு உதவியா இருந்திருக்கும்," என்று அம்மா சொல்லுவார். "எங்கட வீட்டில வாடகை குடாத ஆள் ஒருத்தர் இருக்கிறார்." பகிடியாகத்தான் தொடங்கினார். பிறகு அது பகிடி இல்லாமல் போனது. கோயிலில் கண்ட அன்ரிமார், அவர் ஏன் கீழே தனியாக இருக்கிறார் என்று ஜாடைமாடையாகக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

கடிதங்கள் வந்தால் நான் உடைத்தேன். வைத்தியரிடம் நான் கூட்டிப்போனேன். வரிக் கணக்கு, காப்புறுதி, பென்சன் விண்ணப்பம் எல்லாம் நான். ஆங்கிலம் தெரியாத இரண்டு பேரின் பிள்ளையாக இருப்பது எப்படி என்று வெளிநாட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். நான் அதைப் பெருமையோடு செய்தேன். எங்கள் வருகைக்கு முன்னர் இவற்றையெல்லாம் அவர் தனியாக எப்படிச் செய்திருப்பார் என்று யோசித்தது இல்லை.

சீட்டு வாங்கியாகிவிட்டது என்று தெரிந்தபோது எனக்கு ஒரு மாதம் இருந்தது. அதற்குள் அவரை நிற்பாட்ட வேண்டும். சண்டை பிடித்து நிற்பாட்டக்கூடிய மனிதர் இல்லை அவர். என் வேலையைக் காட்டி நிற்பாட்டலாம் என்று நினைத்தேன்.

நான் ஒரு பொறியியல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பழைய கட்டடங்களின் தூண், உத்திரம், தளம் எல்லாம் தாங்குமா என்று கணக்குப் பார்ப்பது எங்கள் வேலை. ரொறொன்ரோவுக்குக் கிழக்கே, 401 நெடுஞ்சாலையில் இரண்டு மணித்தியாலம் ஓடினால் ஒரு சின்ன ஊர் வரும். அங்கே சீனக் குடியேறிகளின் பழைய சலவைக்கடை ஒன்றையும் பக்கத்தில் அவர்களுடைய உணவுக்கடை ஒன்றையும் இடிக்காமல் திருத்தி, பார்வைக்குத் திறந்திருக்கிறார்கள். சலவைக்கடையின் தளத்துக்கு வரைபடம் போட்டவள் நான். வாசலில் இருக்கும் பலகையில் சின்ன எழுத்தில் என் பெயர் இருக்கிறது. எங்கள் பரம்பரையில் யாருடைய பெயரும் இதுவரை ஒரு சுவரில் ஏறியதில்லை.

4

"சைனாக்காரன் உடுப்புத் தோய்ச்ச கடையைப் பாக்க ரெண்டு மணித்தியாலம் ஓடோணுமே?" என்றார் அம்மா. "எங்கட வீட்டிலயும் மெஷின் இருக்குத்தானே. நிண்டு பாக்கலாம்."

ஆனாலும் வந்தார். இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தார். தம்பிக்குக் கூடைப்பந்து இருந்தது. அப்பா பின் இருக்கையில் ஜன்னல் ஓரமாக இருந்தார். ஒஷாவா தாண்டி, வயல்கள் வரத் தொடங்கியதும், "நல்ல மண்," என்றார். 

பலகையின் முன்னால் நிறுத்தினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஆங்கில எழுத்தில் தன் பெயரையும் எங்கள் பெயர்களையும் அடையாளம் காண அவருக்குத் தெரியும்.

"உதில உன்ர பேர் எங்க?"

விரலை வைத்துக் காட்டினேன். பெயருக்குப் பின்னால் அவருடைய பெயரும் இருந்தது, எங்கள் வழக்கப்படி.

"என்ரயும் போட்டிருக்கினம்," என்றார் ஆச்சரியத்தோடு. பிறகு, "வடிவா இருக்கு."

அவ்வளவுதான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

உள்ளே எங்களுக்குக் காட்டித்தந்தவர் லிண்டா. ஐம்பது வயது இருக்கும். பக்கத்து உணவுக்கடையை நடத்தியவரின் பேத்தி. கிழமை நாட்களில் ஒரு பல் வைத்தியரின் கந்தோரில் வேலை, சனி ஞாயிறுகளில் சம்பளம் இல்லாமல் இங்கே. நல்ல கலகலப்பு. "என் தாத்தா ஆயுள் முழுக்க இந்த ஊருக்கு அப்பிள் பை சுட்டுக் கொடுத்தார், ஒரு துண்டும் வாயில் வைத்ததில்லை," என்றார் ஆங்கிலத்தில். நான் மொழிபெயர்த்தேன்.

அப்பா சிரித்துவிட்டார். "நானும் பாஸ்ரா தின்னுறேல்லை எண்டு அவவுக்குச் சொல்லு."

சலவைக்கடை நான் வரைந்தபடியே இருந்தது. முன்னால் மரத்தட்டு. அதற்குப் பின்னால் பழுப்புக் கடதாசியில் சுற்றி நூல் கட்டிய பொதிகள். நடுவில் இரும்பு அடுப்பு. அதைச் சுற்றித் துணி அழுத்தும் இரும்புகளைச் சாய்த்து வைத்துச் சூடாக்குவார்களாம். பெரிய தொட்டிகள். மேலே துணி காயப்போடும் கம்பிகள். துணி அழுத்தும் நீளமான ஒரு மேசை. கடைசியில் ஒரு சின்ன அறை. கயிறு கட்டி மறித்திருந்தார்கள். ஒரு ஒடுக்கமான கட்டில், சுவரில் ஒரு ஆணி, ஆணியில் ஒரு கோட்டு, ஒரு பெட்டி, ஒரு கிண்ணம், ஒரு கேத்தில். அந்த அறையின் நீளமும் அகலமும் அதன் தளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதும் எனக்கு மனப்பாடம்.

சலவைக்காரர் இருபது வயதில் வந்தவர் என்று லிண்டா சொன்னார். அந்தக் காலத்தில் உள்ளே வருவதற்குச் சீனர்களிடம் மட்டும் தலைவரி வாங்கினார்கள். பிறகு சட்டம் போட்டு அவர்கள் வருவதையே நிறுத்தினார்கள். வந்த ஆண்கள் இங்கே, மனைவிமார் அங்கே. சலவைக்காரர் நடுவில் ஒருமுறை போய்க் கலியாணம் செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். பிறகு சட்டம் நீக்கப்படும்வரை அந்த மனைவியால் வர முடியவில்லை. வந்தபோது இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது.

நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா கயிற்றருகே நின்று அறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"இஞ்சேருங்கோ. நீங்களும் உப்பிடியே இருந்தனீங்கள்?"

அப்பா கயிற்றுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஒரு வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்தவரைப்போல மூலைகளைப் பார்த்தார்.

"இது நல்ல றூம்," என்றார். "ஜன்னல் இருக்கு."

5

வெளியே வரும்போது அம்மா இன்னொரு முறை திரும்பி அந்த அறையைப் பார்த்தார். 

உணவுக்கடையின் முன்பகுதியில் பழைய மேசைகள் அப்படியே இருந்தன. லிண்டா எங்களை இருத்தித் தேநீர் ஊற்றித் தந்தார். அம்மா இடியப்பப் பொதியை அவிழ்த்து அவருக்கும் வைத்தார். லிண்டா முள்ளுக்கரண்டி தேடினார். "கையால, கையால," என்று அம்மா தமிழிலேயே சொல்லிக் காட்டினார். லிண்டா கையால் சாப்பிட்டார். சம்பல் உறைத்துக் கண்ணீர் வந்தது. அப்பா தன் தேநீரை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் அம்மா தொடங்கினார். நான் பக்கத்தில் இல்லாததுபோல.

"அப்ப அந்தச் சிவப்புக் கார்?"

"அது கார்க்காரன்ர கார்தானே. உனக்குத் தெரியும்."

"வந்தாப் பிறகு தெரியும். வரமுன்னம் தெரியாதே. நான் அந்தப் படத்தைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில வைச்சிருந்தனான். ஷெல் அடிக்கேக்க பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பங்கருக்குள்ள இருந்து என்ன நினைச்சனான் தெரியுமே? அங்க ஒருத்தர் காரில சுத்துறார் எண்டு."

"அப்ப நான் இருந்த பேஸ்மென்றில எடுத்த படத்தை அனுப்பினா நீ அழுவாய் எண்டு."

"அழுதிருந்தா நல்லதெல்லோ!" அம்மாவின் குரல் உயர்ந்தது. லிண்டா எழுந்து தட்டுகளை உள்ளே கொண்டுபோனார். "அழுதிருந்தா உங்களில கோவம் வந்திராது. பதினொரு வருஷமும் கோவத்தோட இருந்தனான். வந்தும் அந்தக் கோவத்தோடதான் இருந்தனான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அப்பா தேநீர்க் கோப்பையைச் சுழற்றினார்.

"எத்தினை பேர் இருந்தனீங்கள் அதுக்குள்ள?"

"அது ஆக்கள் மாறுவினம். இரவு வேலை ஆள் எழும்பிப் போக, பகல் வேலை ஆள் வந்து படுக்கும். கட்டில் ஒருநாளும் குளிர்ந்து கிடக்கிறேல்லை," என்று சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

லிண்டா திரும்பி வந்தபோது, சலவைக்காரரும் மனைவியும் பிறகு சந்தோசமாக இருந்தார்களா என்று அவரிடம் கேட்கும்படி அம்மா எனக்குச் சொன்னார். கேட்டேன்.

 சண்டை என்று ஒன்றும் இல்லை, என்றார் லிண்டா. ஆனால் மனைவி வந்த அன்று அவர் கட்டிலை அவவுக்குக் கொடுத்துவிட்டுத் துணி அழுத்தும் மேசையில் படுத்தார். புதுக் கட்டில் வாங்கித் தருகிறோம் என்று லிண்டாவின் தாத்தா சொல்லியும் கேட்கவில்லை. சாகும்வரை அந்த மேசையில்தான் படுத்தார். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது.

நான் இதை மொழிபெயர்க்கும்போது பாதியில் நின்றுவிட்டேன். அப்பா, "சொல்லு, சொல்லு," என்றார். சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அவருக்கு மட்டும் தெரியும் என்பதுபோல இருந்தது அந்தத் தலையாட்டல்.

6

கடைசியாக மயானத்துக்குக் கூட்டிப்போனார் லிண்டா. ஊர் மயானத்தின் வடக்கு ஓரம், வேலிக்குப் பக்கத்தில், சீனர்களுக்கு என்று ஒதுக்கிய மூலை. ஏழெட்டுக் கற்கள். முன்பெல்லாம் இங்கே புதைத்துச் சில வருடங்கள் கழித்து எலும்புகளைத் தோண்டி எடுத்து, கழுவி, பெட்டியில் வைத்து, கப்பலில் ஊருக்கு அனுப்புவார்களாம். யுத்தம் வந்து கப்பல் நின்றுபோனதால் இவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

"செத்தாப் பிறகு அனுப்பி என்ன," என்றார் அப்பா. "உயிரோட போயிடலாம்தானே."

அம்மா அவரை முறைத்துப் பார்த்துவிட்டு, லிண்டாவோடு கற்களின் பக்கம் போனார். இரண்டு பேரும் ஒரு மொழியும் பொதுவாக இல்லாமல் கைகளால் கதைத்துக்கொண்டு போனார்கள்.

நாங்கள் வேலியோரம் நின்றோம். இதைவிட நேரம் கிடைக்காது என்று எனக்குத் தெரிந்தது.

"நான் ஒண்டு கேக்கட்டே?"

"கேள் பிள்ளை."

"நாங்கள் உங்களுக்கு என்ன குறை விட்டனாங்கள்?"

"குறை ஒண்டும் இல்லை."

"அப்ப ஏன் போறியள்? மேல றூம் இருக்கு. எல்லா அலுவலும் நான் பாக்கிறன். அம்மாவும் இப்ப..."

"நீ நல்லாப் பாக்கிறாய். ஆர் இல்லையெண்டது."

வேலிக் கம்பியில் கையை வைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். நான் இதுவரை அவரிடம் கேட்ட மிக நீளமான பேச்சு அது.

"ஞாயிற்றுக்கிழமையில உங்களுக்கு ரெலிபோன் எடுப்பன். கிழமை முழுக்க அந்த ஞாயிறை நினைச்சுக்கொண்டுதான் கோப்பை கழுவினனான். பிள்ளை இப்ப எவ்வளவு உயரம் வந்திருப்பாள், கால் என்ன சைஸ் இருக்கும் எண்டு யோசிப்பன். சப்பாத்துக் கடைக்குப் போய், அங்க நிக்கிற சின்னப் பிள்ளையளின்ர காலைப் பாப்பன், இவ்வளவு இருக்குமோ எண்டு. கடைக்காரன் ஒருநாள் கலைச்சும் விட்டவன். கொம்மாவோட மனசுக்குள்ள கதைப்பன். இண்டைக்கு ஸ்நோ கொட்டுது, சொக்ஸ் நனைஞ்சு போச்சு எண்டு எல்லாம் சொல்லுவன். அப்ப நான் உங்களோடதான் இருந்தனான், பிள்ளை. ஒருநாளும் தனிய இருக்கேல்லை."

கம்பியில் ஒட்டியிருந்த காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டார்.

"பிறகு நீங்கள் வந்தியள். நீ இறங்கேக்கையே வளந்துபோய் இறங்கினாய். கொம்மா நான் மனசுக்குள்ள கதைச்ச ஆள் இல்லை, வேற ஆள். அவவுக்கும் நான் அந்தக் காரோட நிண்ட ஆள் இல்லை. ஆரிலையும் பிழையில்லை. காத்திருக்கிறது எனக்கு நல்லாத் தெரிஞ்ச வேலை. கூட இருக்கிறது தெரியேல்லை. பழகிப் பாத்தனான். வரேல்லை."

"இப்பவும் பழகலாம்..."

"அங்க போனா உங்களைக் காத்துக்கொண்டு இருக்கலாம்," என்றார். "இஞ்ச இருந்து ஆரைக் காத்திருக்கிறது?"

ஒரு கட்டடத்துக்கு எங்கே தூண் கொடுத்தால் நிற்கும் என்று சொல்லுவதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அங்கே நின்றபோது பல்கலைக்கழகத்தில் நான் படித்த எதுவும், அரசாங்கக் கந்தோர்களில் நான் வாதாடி வென்ற எதுவும் உதவவில்லை. அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் பெரிய கஷ்டம்.

திரும்பி வரும்போது அம்மா முன் இருக்கையில் ஏறவில்லை. பின்னால் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். கோபேர்க் தாண்டினோம். பிறகு அம்மா சொன்னது காதில் விழுந்தது.

"அங்க போய் ஆரோ ஒராளின்ர வீட்டு மூலையில படுக்காதேங்கோ. ஜன்னல் இருக்கிற றூமாப் பாத்து எடுங்கோ."

"ஓம்," என்றார் அப்பா.

"கொசு வலை ஒண்டும் வாங்குங்கோ."

"ஓம், ஓம்."

நான் கண்ணாடியில் அவர்களைப் பார்க்காமல் வீதியைப் பார்த்து ஓட்டினேன். இரண்டு பேரும் இப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. போகப்போகும் ஆளோடு கதைப்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒன்றைத்தான் அவர்கள் இளமையில் செய்து பார்த்திருந்தார்கள்.

7

அப்பா போய்விட்டார். பேஸ்மென்றில் கட்டிலை மடித்துச் சுவரோடு சாத்தி வைத்துவிட்டு, அடுப்பைத் துடைத்து, தரையைக் கூட்டிவிட்டுப் போனார். வாடகைக்கு இருந்தவர் வெளிக்கிடும்போது செய்வதுபோல. அம்மா அதை இப்போதும் யாருக்கும் வாடகைக்குக் கொடுக்க விடவில்லை. கேட்டால், "உப்பு, புளி வைக்க இடம் வேணும்," என்கிறார்.

தம்பி ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "So is he, like, coming back?" என்று கேட்டான். அம்மா என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுச் சாப்பிட்டான். ஆனால் அன்றிரவு அப்பாவுக்குத் தன் கூடைப்பந்துப் படம் ஒன்றை அனுப்பியிருக்கிறான். அவர் பக்கத்தில் இருந்தபோது ஒரு விளையாட்டுக்கும் அவரைக் கூப்பிடாதவன்.

நான் அந்தச் சின்ன ஊருக்கு இன்னொரு முறை வேலையாகப் போனேன். தளத்தில் ஒரு பலகை சத்தம் போடுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். பார்த்து முடித்துவிட்டு அந்த நீளமான மேசைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். நல்ல உறுதியான மேசை. ஒரு மனிதன் காலை நீட்டிப் படுக்கலாம், ஆனால் புரள முடியாது. சலவைக்காரரின் மனைவி அந்தச் சின்ன அறையின் கட்டிலில் படுத்தபடி, நடுவில் இருக்கும் கதவைப் பார்த்திருப்பார். அவர்களுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்தக் கதவுக்கு எந்தப் பக்கம் படுத்திருப்பாள் என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் படிக்கட்டின் மேற்பக்கம் நான் படுத்தேன். அத்தனை வருடங்களில் ஒரு தடவைகூட, கீழே இறங்கிப் போய் அப்பாவுடைய பானையிலிருந்து ஒரு பிடி சோறு தாருங்கள் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரியாது. ஒன்றும் நடந்திராமலும் இருக்கலாம்.

இப்போது அவர் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார். பருத்தித்துறைச் சந்தையில் காலையில் காணலாம். மெலிந்த ஆள், கனடாவில் வாங்கிய பாரமான சப்பாத்துப் போட்டிருப்பார், ஒருவரோடும் வலிந்து கதைக்கமாட்டார். மீனைத் தொட்டுப் பார்த்து, ஒருவருக்கு அளவாக மட்டும் வாங்குவார்.

கண்டால், பிள்ளைகள் பார்க்கேல்லையோ என்று கேட்காதீர்கள். ஏன் திரும்பி வந்தீர்கள் என்றும் கேட்காதீர்கள். பிள்ளைகள் எப்போது வருகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லுவார். நாங்கள் இன்னும் அவருக்கு எந்த மாதமும் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லுவார், கேளுங்கள்.